இருபது கிலோவுக்குக் கீழே

சீனக்குடா மா ஆலையின் நிறுவைப் பாலத்தில்
பதினொரு வருஷமாய் இருக்கிறேன்.
லொறி ஏறும், எண் எழும், துண்டு கிழிப்பேன்.
கோதுமையோடு ஒருதரம், வெறுமையாய் ஒருதரம்.
கழித்து வருவதைத்தான் எழுதுவது.

மெர்வின் ராகல் முதலில் வந்தது மாசியில், ஒரு வெள்ளி,
சாரதிமார் ஜும்மாவுக்குப் போயிருந்த நேரம்.
பாலையூற்றில் கராஜ் வைத்திருப்பவர்.
உழவு மெஷினில் கட்டி இழுத்து வந்தார்
ஒரு காரை.

அறுபத்தெட்டாம் ஆண்டு டாட்ஜ் டார்ட்.
உதிரிப்பாகம் என்று நாலு பில்லில்
கொழும்புத் துறைமுகம் தாண்டியதாம்.
ஸ்ரியறிங் இடப்பக்கம். பின் சீற் இல்லை.
றேடியோ இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தகடு.
கண்ணாடியை ஏற்றக் கைபிடி கிடையாது,
பள்ளிக்கூடப் பையின் தோள்வார் மாதிரி ஒரு பட்டி.
கதவைச் சுட்டுவிரலால் அமத்தினேன்;
பிஸ்கட் தகரம் போல உள்ளே போய் வந்தது.

"ஆரோ கழற்றிப்போட்டினமோ?"
"இல்லை மிஸ், கொம்பனியே இப்பிடித்தான் செய்தது.
கால் மைல் ஓட."
"பிறகு?"
"பிறகு நிற்பாட்ட."

இதற்கு உத்தரவாதம் இல்லை,
தெருவில் ஓட்டுவதற்கல்ல என்று
செய்தவர்களே எழுதி ஒட்டிய தாள்
உள்ளே இன்னும் இருந்தது, ஓரம் பழுத்து.
எனக்கு அது பிடித்துப்போனது.
விற்கும்போதே இப்படிச் சொல்லிவிட்ட ஒன்றை
நான் அதுவரை கண்டதில்லை.
போனட்டுக்குக் கீழே மட்டும் கஞ்சத்தனமே கிடையாது.
விளையாட்டு அடுப்பில்
அன்னதானக் கிடாரத்தை ஏற்றி வைத்த மாதிரி
எஞ்சின்.

ஆயிரத்து முந்நூற்று எண்பது.

பங்குனியில் திரும்ப வந்தார்.
கதவுக்குள் இருந்த சட்டமெல்லாம் துளை,
இடியப்ப உரல் தோற்கும்.
ஆயிரத்து முந்நூற்று எண்பது.
மனுசனுக்கு முகம் செத்துப்போச்சு.
"அஞ்சு கிலோ குறைச்சனான் மிஸ்!"
என் தராசுக்கு இருபதுக்குக் கீழே
கண் தெரியாது என்றேன்.
நாற்பது தொன் பார்க்க வந்தது அது.
அஞ்சு கிலோவெல்லாம் அதற்கு
லொறிக் கூரையில் குந்திய காகம்.

சித்திரையில் ஹோர்னைக் கழற்றினார். அதே எண்.
வைகாசியில் பக்கத்து சீற், வைப்பர், தன் சப்பாத்து.
அதே எண்.
நானும் கெட்டுப்போனேன்.
வீட்டில் அலுமாரியை, தையல் மெஷினை,
வராத ஒருவரின் சைக்கிளை
அந்தக் கண்ணால் பார்க்கத் தொடங்கியிருந்தேன்:
இது கால் மைலுக்குத் தேவையா?
சைக்கிள் பதினேழு கிலோ.
அதையும் என் தராசு காணாது.

ஆனியில் எண் நின்று, நடுங்கி, இறங்கியது.
ஆயிரத்து முந்நூற்று அறுபது.
அவர் மேசையில் அடித்ததில் தேத்தண்ணி கொட்டுண்டு
பதிவேட்டில் மூன்று லொறி நனைந்தது.
துண்டில் எப்போதும் கிறுக்குவதை விட்டு
முழுப்பெயரும் எழுதினேன்:
நிறுத்தவர், இ. பத்மலோஜினி.

போயா நாள். ஆலை பூட்டு.
எண்ணெய்க் குதங்களுக்குப் பின்னால் பழைய கொங்கிறீற் பாதை.
நாடா பிடித்து அளந்தோம், நானூற்று இரண்டு மீற்றர்.
முடிகிற இடத்தில், துருவேறிய குதம் ஒன்றின் நிழலில்,
விளையாட்டு மிஸ்ஸிடம் இரவல் வாங்கிய
நிறுத்தற் கடிகாரத்தோடு நான்.
அவர் சிவப்புத் துவாயை அசைத்தார். அமத்தினேன்.

தூரத்தில் முதலில் காகங்கள் எழுந்தன.
பிறகுதான் சத்தம்.
கார் மூக்கைத் தூக்கியதை மட்டும் கண்டேன்,
கொங்கிறீற் என் செருப்புக்குள் ஏறி வந்தது,
பல்லுக்குள் வந்தது,
பிறகு எனக்கு முன்னால் ஒன்றுமில்லை.
றப்பர் எரிந்த மணம். ஒரு மான்
எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நின்றது.

நிரம்ப நேரம் கழித்து உருட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.
காது இரண்டும் சிவப்பு.
"எத்தினை மிஸ்?"

பதினொரு வருஷத்தில்
ஒரு கிலோ கூட்டியோ குறைத்தோ எழுதாதவள்
கையை விரித்துக் காட்டினேன்.
மூன்று நிமிஷம் நாற்பது. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.
மற்றத்தரம் அமத்த மறந்துபோயிருந்தேன்.

பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வெடித்துச் சிரித்தார்.
"அப்ப இன்னும் முடியேல்லை."